கோயில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதில்லை என்ற தீர்மானம்

1968 அக்டோபர் 18, வெள்ளி. திருவள்ளூர்.

நீண்ட ஜெபத்துக்கும் ஆலோசனைக்கும் பின் இன்று ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறேன். கோயில் சுவர்க்கடிகாரத்துக்கு இனி நான் சாவி கொடுப்பதில்லை. சனிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறிக் கொடுத்துவந்தேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் திடீரென்று வேலையை விடுவது முறையல்ல. ஆகவே நாளை கடைசியாக ஒரு முறை. முன்னறிவிப்பை எனக்கே கொடுத்து, நானே பெற்றுக்கொண்டேன்.

காரணம் பச்சையப்பன்.

அக்டோபர் 19, சனி.

பச்சையப்பன் புதுவாயலில் சாராயம் காய்ச்சியவன். இரண்டு முறை சிறை. அவனைக் குற்றவாளி என்ற தீர்ப்பை எங்கள் கோர்ட்டில் படியெடுத்த குமாஸ்தா நான். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெற்றான். அதற்குள், வரும் 27ஆம் தேதி சீர்திருத்தத் திருநாளில் வேதாகம நிருபம் வாசிக்க அவனைப் போட்டிருக்கிறார் போதகர்! வருஷா வருஷம் வாசித்தவன் நான். அதுவும் எந்தப் பகுதி? மனிதன் நீதிமானாவது தன் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்கிற பகுதி. அவனுக்கு எழுத்தே தெரியாது. மனப்பாடமாகச் சொல்வானாம்.

சாவி கொடுத்தேன். எட்டு நாள் ஓடும்.

அக்டோபர் 20, ஞாயிறு.

ஆராதனை முடிந்து போதகர் வீட்டில் காபி. பச்சையப்பனுக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்கு வழக்கமான பித்தளை.

"கிளார்க் சார், நம்ம தீர்ப்ப நீங்கதான் முத்து முத்தா எழுதினீங்களாமே. இதையும் கொஞ்சம் கேட்டுத் திருத்திக் குடுங்க சார்" என்று நிருபத்தை ஒப்பித்தான். கவனமாகக் கேட்டேன். ஒரு பிழையும் கிடைக்கவில்லை.

அவன் போனதும் போதகரிடம் கேட்டேவிட்டேன்: அவன் என்ன செய்துவிட்டான்?

"ஒண்ணும் செய்யல, பாக்கியநாதன். வெறுங்கையோட வந்தான். அதனால வாங்கிக்க முடிஞ்சுது."

அப்போது என் இரு கைகளிலும் கோயிலுக்காக நான் துலக்கிய குத்துவிளக்குகள் இருந்தன.

அக்டோபர் 23, புதன்.

சோற்றை அளைந்துகொண்டிருந்தேனாம். என் மனைவி குணசுந்தரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அந்த ஆளுக்கு மன்னிப்பு கிடைச்சதுல உங்களுக்கு இன்னாங்க கொறைஞ்சிபோச்சு?"

என்ன குறைந்தது? பொழுதெல்லாம் யோசித்தேன். ஒன்றும் குறையவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்.

சவரக் கண்ணாடி முன் நின்று நிருபத்தை வாசித்துப் பார்த்தேன். மிகவும் நன்றாக இருந்தது.

அக்டோபர் 26, சனி.

சாவி கொடுக்கவில்லை. கிரியைகளால் ஆவது ஒன்றுமில்லை என்றால் இதுவும் ஒரு கிரியைதானே? இந்த உபதேசத்தை எங்கள் சபையில் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் போதகர் வந்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு நிருபம். புதுவாயல் பஸ்ஸை நம்ப முடியாது. எட்டுக்குள்ள அவன் வரலைன்னா நீங்களே படிச்சிடுங்க."

வேஷ்டிக்குக் கஞ்சி போடச் சொன்னேன். குணசுந்தரி சிரித்தாள். எதற்கு?

அக்டோபர் 27, ஞாயிறு.

எட்டு மணிக்குப் பச்சையப்பன் இல்லை. நிருபத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். போதகர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கு. ஒரு கீர்த்தனை பாடலாம்" என்றார்.

சபையில் கைக்கடிகாரம் கட்டுகிறவன் நான் ஒருவனே. சொல்லியிருக்கலாம். சுவர்க்கடிகாரம் ஏன் பின்தங்கியது என்று கேட்பார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். இன்னா பதில் சொல்றது?

பாடினேன். இன்னொரு கீர்த்தனையும் பாடினோம்.

பச்சையப்பன் மூச்சிரைக்க வந்தான். முழங்கால்வரை சேறு. பெரியபாளையம் தாண்டி டயர் வெடித்துவிட்டதாம், மீதி தூரம் ஒரு மணல் லாரியில் வந்தானாம். அப்படியே முன்னால் போய் நின்று சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. பின் பெஞ்சில் யாரோ அழுதார்கள்.

அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் கைக்கடிகாரத்தில் எட்டு இருபத்தைந்து. கோயில் கடிகாரத்தில் எட்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.