மன்னார் விலாசம்

8 செப்டெம்பர் 2008, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை ட்ராமில் விட்டுவிட்டு வந்தேன். இந்த வருஷம் இது மூன்றாவது.

செய்ய: பல் டொக்டரிடம் போக நேரம் கேட்டு டெர்மின் எடுக்க. மைசூர்ப் பருப்பு. மகள் ஜெனிக்கு விண்ணப்பப் படம் எடுக்க, காது தெரிய வேண்டுமாம்.

ஜெனி நகரசபை அலுவலகத்தில் அவுஸ்பில்டுங்குக்கு எழுதிப் போடுகிறாள். மூன்று வருஷம் சம்பளத்தோடு பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. தபால் முத்திரைக்கு அடுத்த திங்கள் கடைசி நாள். விளம்பரத்தின் அடியில் ஒரு வரி: வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்கள் விண்ணப்பிப்பதை விசேடமாக விரும்புகிறோம். கூடவே ஒரு தாள், விரும்பினால் மட்டும் நிரப்பலாம். பெற்றோர் பிறந்த நாடு, வீட்டில் பேசும் மொழி.

இவர் வாசித்த கையோடு பேனையை எடுத்து நீட்டினார். எங்கள் ஆட்களுக்கென்று வைத்த இடம், வேறு யாரும் வந்து குந்துவதற்கு முதல் நீ போய் இரு என்றார். ஜெனிக்கு மூக்கு நுனியில் கோபம். தான் இங்கே ஹனோவரில் பிறந்தவளாம், கணக்கில் ஒன்று, டொச் மொழியில் இரண்டு, பிறகேன் தன்னைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிட வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுதான் இங்கே ஆகத் திறம். மன்னாரில் ஒன்று என்றால் அடி விழும்.

தாள் குசினி மேசையில் கிடக்கிறது. யாரோ அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்கள். நான்தான்.

10 புதன்

ஆஸ்பத்திரியில் வேலை. சத்திரசிகிச்சை ஆயுதங்கள் நாற்பத்தொரு தட்டு, கழுவி, எண்ணி, பொதி கட்டி. புதிதாக வந்த பிள்ளைக்கு ஒவ்வொன்றின் பெயரும் சொல்லிக் கொடுத்தேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். ஊரில் என்றேன்.

சாப்பிடும்போது இவர் பழைய கதையை எடுத்தார், இந்த முறை ஜெனிக்காக. இலங்கையில் கம்பஸுக்குத் தரப்படுத்தல் வந்தது, முதலில் தமிழில் எழுதுகிற பிள்ளைகளுக்குக் கூடப் புள்ளி கேட்டார்கள், பிறகு மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று பிரித்தார்கள். யாழ்ப்பாணத்துக்குக் கழுத்து இறுகியது. மன்னார் பின்தங்கிய மாவட்டம், அதற்குக் கொஞ்சம் கதவு திறந்தது. இவர் மன்னார். மருத்துவத்துக்கு எடுபட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம், அடுத்த பெயர் இவருடையது. நாலு புள்ளியால் போனது. இன்றைக்கு கார் ரயர் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட்.

கோட்டாவில் பிழையில்லை என்றார். பிழை யாழ்ப்பாணத்து ஆட்களிலாம். கடைசி வருஷம் பெட்டியோடு வந்து மன்னாரில் பெயர் பதிந்து, அந்த ஊர்ப் பிள்ளைகளின் இடத்தில் போய்விட்டார்களாம். பிறகு என்னைக் காட்டி வழக்கமான வரி: "உங்கட அம்மா யாழ்ப்பாணம்தான். ஆனா சின்னனிலயே வந்து எங்களோட இருந்து படிச்சு மெடிசின் எடுத்தவ."

ரசத்தைச் சூடாக்க எழும்பினேன். அது சூடாகத்தான் இருந்தது.

11 வியாழன்

பல் டொக்டர் டெர்மின் நவம்பரில்தான். அதுவரை பல் பொறுக்குமா தெரியாது.

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை ஒருவரும் திறப்பதில்லை. நான் மன்னாருக்குப் போனது சோதனைக்குப் பதினாலு மாதத்துக்கு முந்தி. அப்பா கொண்டுபோய் மாமி வீட்டில் விட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே வசிக்கிறேன் என்று ஒரு கடிதம், கிராமசேவகர் கையெழுத்தோடு. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் அப்படிப் போனார்கள். ஒருவரும் அதைக் களவு என்று சொல்லவில்லை. எங்கள் இடத்தை அரசாங்கம் பறித்தது, நாங்கள் சுற்றிப் போய் எடுக்கிறோம் என்றார் அப்பா. எனக்கும் சரியென்றுதான் பட்டது. இன்றைக்கும் பாதி சரியென்று படுகிறது, அதுதான் எரிச்சல்.

அதே வருஷம் இவர் அடுத்த பெயர் என்றால், நான் இல்லாவிட்டால் இவர். கணக்கு அவ்வளவுதான்.

பேராதனையில் மருத்துவம், இரண்டு வருஷம். கலவரத்தில் விடுதியை விட்டு ஓடி வந்தேன். அப்பா திரும்ப அனுப்பவில்லை. என்னோடு ஓடி வந்த இரண்டு பேர் திரும்பிப் போய் முடித்தார்கள். நான் பயந்தேன், கெஞ்சிக் கேட்கவுமில்லை.

இவரை இங்கே கோயில் ஆட்கள் பேசிச் செய்து வைத்தார்கள். கலியாணப் பேச்சிலும் மாமியின் விலாசத்தைத்தான் சொன்னேன். வாயில் பழகிவிட்டது. இருபது வருஷம்.

12 வெள்ளி

ஜெனியோடு டிலான் வந்தாள். குர்திஷ் பிள்ளை, அதே இடத்துக்கு அவளும் எழுதுகிறாள். புள்ளி எல்லாம் மூன்றும் நாலும். தாய்க்கு எழுத வாசிக்கத் தெரியாது, வீட்டுக் கடிதம் முழுக்க இவள்தான். கட்லட் ஐந்து சாப்பிட்டாள், நல்லது.

அவள் போன பிறகு ஜெனி தாளை என் பக்கம் தள்ளினாள். "அம்மா, இது டிலானுக்கு வைச்சது. நான் நிரப்பினா அவளின்ர இடத்தில போய் இருக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ."

நீ விண்ணப்பித்தாலே போட்டிதானே என்றேன். அது புள்ளியில் போட்டி, இது வேறு என்றாள். பதினெட்டு வயது. எனக்கு அந்த வயதில் இந்த யோசனை பக்கத்தாலும் போகவில்லை. அப்பாவைக் கேள் என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போனேன். வெட்கமாக இருக்கிறது.

13 சனி

கட்டடத்துக்கு அடியில், கெல்லரில் உடுப்புத் தோய்க்க எங்கள் முறை, 10–12. இவரும் வந்தார். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும்.

அவர் இரண்டு மூலை, நான் இரண்டு மூலை. "இஞ்சருங்கோ. நான் ஆறாம் வகுப்பில மன்னாருக்கு வரேல்லை. கடைசி வருஷந்தான் வந்தனான். அந்தக் கடிதம் பொய்."

விரிப்பை விடவில்லை. கிட்ட வந்து தன் மூலைகளை என் மூலைகளோடு சேர்த்தார். மிச்ச மூன்று விரிப்பையும் மடித்தோம். தலையணை உறை எட்டு. கூடையைத் தனியத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கறியில் உப்புக் கூட. அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.

14 ஞாயிறு

மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. சமாதானம் கொடுக்கும் நேரம் இவர் முன்னுக்கு, பின்னுக்கு எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்கும் தந்தார், முகம் பீடத்தின் பக்கம்.

வீட்டில் ஜெனியைக் கூப்பிட்டு, அந்தத் தாள் உன்ரை விருப்பம் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவுக்குச் சுகமில்லையா என்று பிறகு கேட்டாள். அவளுக்கும் ஒருநாள் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஏலாது.

15 திங்கள்

வெயில். குடை வாங்கவில்லை.

ஜெனி உறையை ஒட்டி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். எனக்குப் பி.ப. வேலை, போகிற வழியில் தபால் கந்தோர். இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கூட வந்தார், கூப்பிடாமல். வரிசையில் உறையை என் கையிலிருந்து வாங்கிப் பாரம் பார்த்தார்.

தாள் இல்லையா என்று கேட்டார். இல்லை, வெறும் தாளைத் திருப்பி மேசையில் வைத்திருக்கிறாள் என்றேன். தலையாட்டினார். தானே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை குத்தும் மட்டும் நின்று பார்த்தார்.

ட்ராம் நிறுத்தத்தில் பலகையில் ஏழு நிமிஷம் காட்டியது. பக்கத்தில் நின்றார். பலகை இரண்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"எடுத்தது போகட்டும். எடுத்தனீர், திரும்பிப் போய்ப் படிச்சு முடிச்சிருக்கலாமே."

ஓம் என்றேன். ட்ராம் வந்தது. ஐம்பத்திரண்டு தட்டு.