கங்காணியின் புதன்கிழமைகள்

ஈப்போ
3.6.2024

பூவிழி அப்பாவுக்கு,

மகள் வீட்டில் எல்லாரும் நலம். பேத்திக்குச் சளி விட்டுவிட்டது. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டேன், அதையெல்லாம் கேட்க வேறு ஆள் இருக்கும்போது எனக்கென்ன. ஃபோனில் பேசினால் மருமகன் காதில் விழும், மெசேஜ் போட்டால் பூவிழி எட்டிப் பார்க்கிறாள். அதனால் எஸ்டேட்டுக்கு வந்துபோகும் மகேனின் காய்கறி லோரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டியிருக்கிறேன். பிரித்த அடையாளம் இருந்தால் எழுதுங்கள்.

ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாதம் ஒரு புதன்கிழமை ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மோட்டார் சைக்கிளில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போகிறீர்கள். வெறும் வயிற்றோடு போகிறவரை அங்கே யார் பசியாற வைக்கிறார்கள்? ராத்திரி ஹாலில் பாய் விரித்துத் தனியாகப் படுக்கிறீர்கள். முப்பத்தோரு வருஷமாக ஒரு கைக்குட்டையைக்கூட அலசியறியாதவர், இப்போது சட்டையை என்னைத் தொடவிடாமல் நீங்களே துவைக்கிறீர்கள். பூவிழி வந்திருந்தபோது குழந்தை கையை நீட்டி நீட்டி அழுதது. நீங்கள் எட்டியே நின்றீர்கள். பேத்தியைத் தூக்கவிடாமல் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறவள் யார்?

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை உங்களை அங்கே ஜப்பார் சாப்பாட்டுக் கடையில் பார்த்திருக்கிறாள். முக்காடு போட்ட ஒரு பெண் எதிரே உட்கார்ந்து காகிதத்தில் ஏதோ எழுதிக் காட்டினாளாம். அவள் பெயர் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவரை நான் லயத்து வீட்டுக்கு வரமாட்டேன்.

ரத்தினம்

*

எஸ்டேட்
8.6.2024

அன்புள்ள ரத்தினத்துக்கு,

உறை பிரிக்காமல்தான் வந்தது. இங்கே ஓயாத மழை. கொழுந்து ஈரமாகவே வந்து சேருவதால் ஃபேக்டரியில் வேலை இழுக்கிறது.

நீ நினைப்பதுபோல் ஒன்றும் இல்லை. வயசானால் மனுஷனுக்கு ஆயிரம் இருக்கும், எல்லாவற்றையும் காகிதத்தில் எழுத முடியாது. நீ வந்து சேர், நேரில் பேசிக்கொள்ளலாம். குழந்தைக்கு என் முத்தம்.

உன்
கந்தசாமி

*

ஈப்போ
11.6.2024

பூவிழி அப்பாவுக்கு,

முத்தத்தைக் காகிதத்தில் அனுப்ப மட்டும் முடிகிறதாக்கும்.

நான் நினைப்பதுபோல் இல்லையென்றால் நினைக்காதது என்ன இருக்கிறது? போன மாதம் உங்கள் பையைத் துழாவினேன். ஆமாம், துழாவினேன். ஒரு டியூப் இருந்தது, மேலே ஒட்டியிருந்த பெயரைச் சுரண்டியிருந்தீர்கள். மோந்து பார்த்தால் சாராய வாடை. அழகுக்குப் பூசுவதா, அவள் கொடுத்ததா?

பாஞ்சாலை மறுபடி ஃபோன் செய்தாள். ஃபேக்டரியில் விஜயன், "நம்ம கங்காணிக்கு அம்பத்தெட்டுலயும் மவுசு குறையல லா" என்று கத்தினானாம். நீங்கள் மறுக்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தீர்களாம். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் பூவிழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிடுவேன்.

ரத்தினம்

*

எஸ்டேட்
14.6.2024

ரத்தினம்,

இதைப் படித்ததும் கிழித்துப்போடு.

போன வருஷக் கடைசியில், கொழுந்து காயவைக்கும் டிரையர் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டேன். ஆபீஸ் கிராணி பார்த்துவிட்டார். எதற்கெடுத்தாலும் உன்மேல் எரிந்து விழுந்ததும் அப்போதுதான். உன் பக்கத்தில் படுத்தும் எனக்கு ஒன்றும் தோன்றாமல் போனது. உன்மேல் குறையில்லை. பிரிஞ்சாங்கில் டாக்டரைப் பார்த்தேன். ஆண்களுக்கு ஊறும் ஹார்மோன் எனக்கு ரொம்பக் குறைந்துவிட்டதாம். அந்த ரத்தத்தைக் காலையில்தான் எடுப்பார்கள், சர்க்கரைக்கும் சேர்த்து எடுப்பதால் வெறும் வயிறு. இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நீ பார்த்த அந்த டியூப் மருந்தைக் கொடுத்தார். தினமும் காலையில் தோளில் தடவ வேண்டும். பெண்கள், குழந்தைகள் மேல் பட்டால் அவர்களுக்குக் கெடுதல் என்று தாளில் போட்டிருந்தது. பயந்துபோனேன். சட்டையும் பாயும் குழந்தையும் அதனால்தான்.

ஜப்பார் கடையில் இருந்தது கிளினிக் நர்ஸ் ஹஸ்னா. தொப்பையைக் குறைக்க, சீனியை விட, என்ன சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தது. உன் கடிதம் வந்த பிறகு, போன புதன்கிழமைதான் வெட்கத்தை விட்டு அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். "காஞ்சதும் சட்டை போட்டு மூடிட்டா போதும் அண்ணே. பக்கத்துல படுக்கறதுக்கு முன்னாடி கழுவிடுங்க. அஞ்சு மாசமாவா தனியா படுத்தீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேறொருத்தி இருக்கிறாள் என்று நீ நினைத்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. உண்மையைவிட அது மேல் என்று தோன்றியது.

கந்தசாமி

*

ஈப்போ
17.6.2024

பூவிழி அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை.

நான் இங்கே தலையணையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தபோது உங்களுக்குப் பெருமையாக இருந்ததா? எனக்கு நாற்பத்தொன்பதில் மாதவிலக்கு நின்றது. அந்த மலைக் குளிரிலும் உடம்பு எரிந்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். "உனக்குப் பைத்தியமா" என்று நீங்கள் சாத்தினீர்கள். நான் அதை மறைக்கவில்லை. நீங்கள்தான் கேட்கவில்லை.

நீங்கள் எழுதியது நிஜமா, சாமர்த்தியமாகக் கட்டிய கதையா என்று தெரியவில்லை. லயத்தில் என்னைப் புருஷன் கைவிட்டவள் என்று பேசுகிறார்கள். பாஞ்சாலையிடமும் விஜயனிடமும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதைச் செய்தால் நம்புவேன்.

ரத்தினம்

*

எஸ்டேட்
20.6.2024

ரத்தினம்,

சொல்லிவிட்டேன். நேற்று டீ நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது. ஹார்மோன், தோள், மருந்து, எல்லாவற்றையும்.

ஒருவரும் நம்பவில்லை. விஜயன் விழுந்து விழுந்து சிரித்தான். பாஞ்சாலை, "அக்காவ ஏமாத்த இப்படியும் ஒரு கதையாண்ணே? எந்த ஆம்பளையாவது இத வெளிய சொல்லுவானா?" என்று கேட்டாள். டியூப்பைக் காட்டினேன். அதையும் நர்ஸ்தானே கொடுத்தாள் என்றார்கள். சிரித்துச் சிரித்து நானே வளர்த்துவிட்ட பேச்சு, இனி அழியாது.

ஊரில் ஒருத்தர் நம்பினால் எனக்குப் போதும். அது நீயாக இருக்க வேண்டும்.

கந்தசாமி

*

ஈப்போ
22.6.2024

என்னங்க,

பூவிழியிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் நானும் வருவேன், எனக்கும் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்னும் முழுசாக நம்பவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு யாரையும் நம்ப என்னால் முடியாது.

உங்கள்
ரத்தினம்