அண்ணன் துப்பாக்கிக்குப் போட்ட மனு

புரட்டாசி 12, திங்கள்

எழுத்து கோணல். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்தது பள்ளத்தில் இறங்குகிறது. படிக்கிறவர் பொறுத்துக்கொள்ளவும். படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான், பொறுத்துக்கொள்கிறேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. பேனா அதற்குள் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் சந்தோஷம். இந்த வயதில் 'புரட்டாசி' எழுதிவிட்டேன்.

மூட்டம். மழை இல்லை.

மாராத்தாள் எட்டிப் பார்த்தாள். என் மனைவி. பெயர் நீளம், இனி மா. என்றே எழுதுவேன். "ஏனுங்க, எழுதறீங்களா, நோட்டுல உழுகறீங்களா?"

நாளை கோயமுத்தூர். துப்பாக்கி மனு. அண்ணன் நாச்சிமுத்து சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அவர் வைத்திருந்தது குழலில் மருந்து இடித்துச் சுடும் பழைய துப்பாக்கி. லைசென்ஸ் அவர் பெயரில். அவர் போனதும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டோம். இப்போது என் பெயருக்குக் கேட்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் காடு, பன்றிகள். இந்தப் பக்கம் என் கடலை. கடலை போனால் கடனுக்கு எருமையும் போகும்.

புரட்டாசி 13

பஸ்ஸில் கூட்டம். ஆபீசில் அதைவிடக் கூட்டம். கிளார்க் மனுவையும் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பெரியவரே, பத்திரத்துல கைநாட்டு. மனுவுல கையெழுத்து. ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதானுங்க. நடுவுல படிச்சுப்போட்டேனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் நான்தான் நான் என்று வி.ஏ.ஓ. எழுதித் தர வேண்டுமாம். அதுவரை மனு நகராது. கோபம் வரவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை கடை போர்டு எல்லாம் படித்துக்கொண்டே நடந்தேன். ஒன்றில் 'பல் கட்டப்படும்'. நல்ல எழுத்து.

புரட்டாசி 20

நான்தான் நான். வி.ஏ.ஓ. எழுதிவிட்டார். அடுத்தது போலீஸ் விசாரணை.

தவிடு தீர்ந்தது. வாங்க வேண்டும்.

புரட்டாசி 27

ஏட்டு மொபெட்டில் வந்தார். கேஸ் உண்டா, குடி உண்டா, வரப்புச் சண்டை உண்டா? எதுவும் இல்லை. மோர் குடித்தார். பிறகு பக்கத்துத் தோட்டம் கிட்டுசாமியைக் கேட்டார். அக்கம்பக்கம் கேட்பது வழக்கமாம். கிட்டுசாமி நல்லவர். எனக்கு எப்படியாவது லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர். அவர் சொன்னது:

"தங்கமான மனுசருங்க. தெனமும் வெளக்கு வெக்கற நேரத்துக்கு ஒரே ஒரு வெடி. அதும் வானத்தப் பாத்து. ஒரு நாள் தவறுனதில்லீங்க. எங்க ஊட்ல அதக் கேட்டுத்தான் வெளக்கே பத்த வெப்போம்."

"எப்ப இருந்து?"

"எப்பவும்தானுங்க."

"நேத்து?"

"நேத்தும்தானுங்க."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்குது. அப்பறம் எதுல சுடறது?"

வைக்கோல் போரைக் கலைத்தார். பரண், அடுப்படி, கிணற்று மோட்டார் அறை. எங்கும் இல்லை. இருந்தால்தானே.

கிணற்று மேட்டில் நின்று அந்தி வெடி போடுவது அண்ணன் வழக்கம் என்றேன். அதற்குப் பிறகுதான் கிட்டுசாமிக்கு உறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏட்டிடம் சொல்லாதது, இங்கே மட்டும்: நேற்று மா. விளக்கு ஏற்றியதும் அந்தச் சத்தம் கேட்டுத்தான். முந்தாநாளும். சித்திரையில் இருந்தே. யார் சுடுவது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐப்பசி 2

தபால். எனக்கு வந்த சர்க்கார் கடிதத்தை நானே படித்தது முதல் முறை. 'நிராகரிக்க'. எழுத்து எழுத்தாகக் கூட்டி முடித்ததும் ஒரு சந்தோஷம். பிறகுதான் பின்னாலேயே அர்த்தம் வந்தது. பயிர்ச் சேதம் ஏதும் இல்லை, அதனால் துப்பாக்கி தேவை இல்லை. லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருப்பதாகச் சந்தேகம்.

சேதம் இல்லை என்பது உண்மை. ஓடை மணலில் போய்ப் பார்த்தேன். பன்றித் தடம் தண்ணீர் வரை வருகிறது, திரும்பிப் போகிறது.

அந்தியில் கடலைக் காட்டில் நின்றேன். வெடி கிணற்று மேட்டில் இருந்து. ஆள் இல்லை. புகை இல்லை. மருந்து வாசம் மட்டும். எருமை காதைக்கூட ஆட்டவில்லை. வாய்க்காலில் இருந்த கொக்குகள் எழவில்லை.

ஐப்பசி 5

ஏட்டு கூப்பிட்டு அனுப்பினார். ஸ்டேஷனில் அவர் மட்டும். அண்ணன் துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். பூட்டி வைத்த அறை, சாவி அவரிடம். குரலைத் தாழ்த்தி:

"தொடச்சு வெக்கறனுங்க. மறுநாளு பாத்தா கொழல்ல மருந்து வாசம். யாருகிட்டச் சொல்றது? சொன்னா என்னையத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

போன தடவை பேச்சில் இல்லாத 'ங்க' இந்தத் தடவை இருந்தது.

"சத்தம் நின்னா நான் மறுபடி ரிப்போர்ட் எழுதறனுங்க. நிக்கலீன்னா உங்க மேல கேஸ் ஆயிருமுங்க."

ஐப்பசி 6

அந்திக்கு முன் கிணற்று மேட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். ஏன் என்று தெரியவில்லை.

"அண்ணா, போதுமுங்க. உங்க சத்தத்துக்கு என்னைய உள்ள வெச்சுருவாங்க. இனி நான் பாத்துக்கறனுங்க."

காத்து நின்றேன். வெடி இல்லை. இருட்டியது. கிட்டுசாமி வீட்டில் விளக்கு எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வேலிக்கு வந்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு இன்னும் நேரமே ஆகலீங்களா?"

ஐப்பசி 7

கடலை போயிற்று. முழுக் காடும். ஏர் ஓட்டியது போல. ஒரு செடி நிமிர்ந்து நிற்கவில்லை.

மா. வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. "காய் புடுங்குனதுக்கப்பறம் சொல்லியிருக்கக் கூடாதுங்களா? உங்கண்ணன் எந்தக் காலத்துல உங்க பேச்சக் கேட்டாரு? இதுக்கு மட்டும் ஒரே சொல்லுல கேட்டுட்டாரு."



ஐப்பசி 10

வி.ஏ.ஓ. வந்து சேதம் எழுதிக்கொண்டார். ஏட்டுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இப்பத்தானுங்க வலுவான காரணம் கெடச்சிருக்குது."

மழை. எருமையை விலைக்குப் பார்க்கக் காரமடையில் இருந்து ஆள் வந்தார்.

மார்கழி 4

பனி. கிணற்று மேடு தெரியவில்லை.

இடையில் எழுதவில்லை. எருமை இல்லாத கட்டுத்தறியைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

லைசென்ஸ் ஆகிவிட்டது! மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்றும் ஒரே மாதிரி. கிளார்க்கே சொன்னார். வரும் வெள்ளி ஸ்டேஷனில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏட்டு சொல்கிறார், இப்போது குழலில் வாசம் இல்லையாம், வெறும் எண்ணெய்தானாம்.

மா.: "காக்கறதுக்கு என்னங்க இருக்குது அங்க?"

கிட்டுசாமி வேலியோரம் நின்று கேட்டார். பாவம், அந்த நாளில் இருந்து அவர் வீட்டில் விளக்கு ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே. "வெள்ளிக்கெழமையில இருந்து சத்தம் வருமுங்களா?"

"வருமுங்க" என்றேன்.

நான் பிறந்ததில் இருந்து துப்பாக்கியைத் தொட்டதில்லை. அண்ணன் தொட விட்டதில்லை. மருந்து எவ்வளவு இடிப்பது என்றுகூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை அந்தியில் கேட்கும். சுட்டது யார் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.