குரலுக்கு எண்பது பங்கு

ராஜபாளையம்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

விஜி எழுதுகிறேன். இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் கணக்குப் பாடத்தில் மட்டும் நலமில்லை. ஹாஸ்டலில் இன்னும் தினமும் உப்புமாதானா? கிருபாபாய் ஆன்ட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையில்தான் இந்தக் கடிதமும் வருகிறது. மோர் வாடை அடித்தால் என்னைத் திட்டாதே. அது ஆன்ட்டி வீட்டு மோர்.

நேற்றுச் சாயங்காலம் நீ பேசியது துண்டுதுண்டாகத்தான் வந்தது. "ஆஸ்பத்திரி" என்ற ஒரு சொல் மட்டும் முழுசாக விழுந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு என்னமோ ஆயிருச்சுட்டி" என்று இரவு முழுவதும் புலம்பல். அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அதையும் தலையணைக்குள்தான் புலம்பினாள். உனக்கு ஒன்றும் இல்லையே?

குரல் ஏன் உடைகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீ கூப்பிடும் நேரத்தில்தான் அப்பா முன்னறை டிவியில் கபடி போடுகிறார். டிவியும் நெட்டில்தான் ஓடுகிறது, நான் பாடம் படிக்கும் டேப்பில் உன் குரலும் அதே நெட்டில்தான் வருகிறது. ரௌட்டருடன் வந்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் வருகிறதாம். படமானால் முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும், பொறுமையாகக் காத்திருக்கும். குரலால் அது முடியாது. தாமதமாக வந்த சொல்லை அந்தக் கருவியே தூக்கி எறிந்துவிடுகிறது. அதனால் குரலுக்கு முதல் வழி விடும்படி ரௌட்டருக்குச் சொல்லிவைக்கலாம். அதற்கென்று ஒரு பக்கமே இருக்கிறது.

இதைச் செய்யப் போகிறேன். அம்மாவுக்காக மட்டும் இல்லை. அப்பா கடைசியாக உன் குரலைக் கேட்டது கோர்ட்டில். நம் தறியில் வேலை பார்த்த குருவம்மாள் அக்காவின் கை அதில் மாட்டியதற்கு, பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைக்கச் சொன்ன அப்பாதான் காரணம் என்று நீ கூண்டில் நின்று சொன்ன குரல்தான் அவர் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகு இன்னொரு குரல் அவருக்குக் கேட்கவே இல்லையே. ஒரே ஒரு தடவை, நீ அம்மாவிடம் பேசுகிற மாதிரி பேசுவதைத் தெளிவாகக் கேட்டுவிட்டால் அவர் மனசு மாறிவிடும் என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு நீ வீட்டில் இருப்பாய். எழுதி வைத்துக்கொள்.

உன் தங்கை,
விஜி


ஸ்ரீவில்லிபுத்தூர்
4 செப்டம்பர் 2025

ஏட்டி விஜி,

மோர் வாடை இல்லை, மாங்காய் ஊறுகாய் வாடை. நீ எழுதியதில் பாதி எண்ணெயில் ஊறிப் போயிருந்தது. ரௌட்டர் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத்தான் படித்தேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே எங்கள் முதலாளி இன்னொரு பால்கோவா கடை திறக்கிறார், பில் போட என்னை அங்கே மாற்றப் போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல். இத்துடன் கால் கிலோ பால்கோவா வைத்திருக்கிறேன். உன் வாய்க்கு மட்டும் காட்டிவிட்டுக் காலிப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்தாயானால் அடுத்த கடிதம் கிடையாது.

நீ சொல்லும் வேலை நல்ல வேலைதான். ஆனால் ஒன்று. ஆடிப்பூரத்தன்று இங்கே தேர் வரும்போது நான்கு வீதியும் நின்றுவிடும், சைக்கிள்கூட நகராது. குரல் அப்படித் தேர் இல்லை விஜி. ஒதுங்கி ஓரமாகப் போகிற ஆள். அதற்குக் கொஞ்சம் இடம் விட்டால் போதும். நீ எதையும் அளவாகச் செய்கிறவள் இல்லை, அதனால் சொல்கிறேன். காப்பிக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி போட்டுவிடாதே.

அப்பா மனசு மாறும் என்று எழுதியிருக்கிறாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பார்த்துக்கொள்.

செல்வி


ராஜபாளையம்
10 செப்டம்பர் 2025

என் அருமை அக்காவுக்கு,

முடித்துவிட்டேன்! ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியே போயிருந்தபோது ரௌட்டர் பக்கத்துக்குள் போனேன். குரலுக்கு முதலிடம் என்று குறித்தேன். அதற்குக் கீழே எவ்வளவு பங்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. நூறில் எண்பது என்று போட்டேன். நீ கொஞ்சம் போதும் என்றுதான் எழுதியிருந்தாய். ஆனால் அம்மா இவ்வளவு நாள் துண்டுதுண்டாகக் கேட்டதற்கு ஈடாக இருக்கட்டும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ "அம்மா" என்றதும் அவள் திரும்பிப் பின்வாசலைப் பார்த்தாள். நீ அங்கே வந்து நிற்கிறாய் என்று நினைத்துவிட்டாளாம். நீ பேசுகையில் பின்னால் ஒரு கண்டக்டர் "மதுரை, மதுரை" என்று கத்தினார். அதுகூடக் கேட்டது. நீ மூச்சு வாங்கியபோது, "மாடிப்படி ஏறிட்டே பேசுதியா?" என்று கேட்டாளே, முன்பெல்லாம் அப்படிக் கேட்டிருக்க முடியுமா? பேசி முடித்த பிறகு அம்மா கிரைண்டரை நிறுத்தவே மறந்து நின்றாள். பேச்சுக்குத் திரையாகத்தான் தினமும் அதை ஓட விடுகிறாள். இப்போது நம் வீட்டில் தோசை மாவுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் கல் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

ஒரு வேடிக்கை. நீ பேசும் நேரம் முழுவதும் அப்பாவின் கபடி நின்று நின்று ஓடுகிறது. "பாடிப் போனவன் போன எடத்துலயே நிக்காம்ல! திரும்பி வருவானா மாட்டானா?" என்று டிவியிடம் சண்டை போடுகிறார். நானும் அம்மாவும் சமையல்கட்டில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். கோர்ட் முடிந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அன்றுதான்.

தீபாவளிக்கு உனக்கு என்ன நிறத்தில் எடுக்கலாம் என்று அம்மா இப்போதே யோசிக்கிறாள்.

விஜி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13 செப்டம்பர் 2025

விஜிக்கு,

எனக்கும் எல்லாம் கேட்டது. அம்மா கடுகு தாளித்தது, அது பொரிந்து அடங்கியது வரை. ஹாஸ்டல் மாடியில் நின்றுகொண்டு கடுகுக்காக அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் எண்பதைக் குறைத்துவிடு. சிரிக்கிற விஷயம் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் நின்றால் அப்பா காரணம் தேடுவார். தறி ஒன்று நின்றால் எந்த நூல் அறுந்தது என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர் அவர். நீ அதைப் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளி பற்றி நான் நினைக்கவே கூடாது என்றுதான் இருந்தேன். நீ எழுதி எழுதி இப்போது நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரி எதிர்க் கடைக்கு மாறினால் தீபாவளி சமயத்தில் லீவு கிடைக்காது என்று முதலாளியிடம் பழைய கடையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் பச்சை என்று சொல். அவளுக்குத் தெரியும் எந்தப் பச்சை என்று.

குறைத்துவிடு. மறக்காதே.

செல்வி


ராஜபாளையம்
24 செப்டம்பர் 2025

அக்கா,

உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது எனக்குக் காலாண்டுப் பரீட்சை. அப்பாவும் ஒரு வாரமாக வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. குறைக்கலாம் குறைக்கலாம் என்று தள்ளிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா நெட் கம்பெனிக்காரர் ஹரிகிருஷ்ணன் அண்ணனை வரச் சொல்லிவிட்டார். நான் டீ கொண்டுபோனபோது அவர் லேப்டாப்பில் ரௌட்டர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, கம்பெனி மேல கோளாறு இல்ல. யாரோ உள்ள போயி குரலுக்குன்னு எம்பது பங்கு ஒதுக்கி வச்சிருக்காவ. வீட்டுல யாராச்சும் நெட்டு கால் பேசுனா ஒங்க டிவிக்கு மிச்சந்தான்."

"எங்க வீட்ல யாரும் பேசலையப்பா."

"பேசாம டிவி நிக்காதுல்லா அண்ணாச்சி" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "சரி பண்ணிரவா?" என்று அவர் கேட்டதற்கு, "வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வேற யாரும் கை வைக்காம மட்டும் பாஸ்வேர்டை மாத்திரு" என்றார்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நாளைக்குக் கூப்பிட்டால் எடுக்க வேண்டாம் என்றேன். "எடுக்கலன்னா அவ பயந்துருவாட்டி. செத்த நேரம் பேசிட்டு வச்சிருதேன்" என்றாள். நான் அதற்கு மேல் தடுக்கவில்லை. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஆசையாக இருந்தது. அப்பா வரட்டும், கேட்கட்டும் என்று.

மறுநாள் அப்பா வழக்கம்போலக் கபடி போட்டார். வழக்கம்போல டேப் ஒலித்தது. ஒரு ஆட்டக்காரன் கையை நீட்டியபடி திரையில் அப்படியே நின்றான். அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சமையல்கட்டுக்கு வந்தார். கையை நீட்டினார். அம்மா மறைக்கவில்லை, கொடுத்துவிட்டாள். நான் போய்க் கிரைண்டரை நிறுத்தினேன்.

நீ, "அம்மா, அவிய சாப்ட்டாவளா?" என்று கேட்டாய். மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். பழைய கடையிலேயே இருந்துகொள்ள முதலாளி ஒத்துக்கொண்டார் என்று சொன்னாய். அதற்குப் பிறகு, "அப்பா" என்றாய். நான் கதவோரத்தில் நின்றேன், எனக்கே கேட்டது. "தீபாவளிக்கு வரட்டாப்பா?" என்று கேட்டாய்.

அவர் டேப்பைக் காதிலிருந்து எடுத்தார். அம்மாவைப் பார்த்து, "நல்லா தெளிவாத்தான் கேக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இப்படி இருக்க மாட்டேன். அப்புறம் அணைத்துவிட்டு, டேப்பைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பாடம் படிக்கப் புத்தகம் போதும் என்று சொன்னார்.

லைன்தான் குறுக்கே நிற்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரு எழுத்துக்கூட உடையவில்லை. எல்லாவற்றையும் கேட்டார்.

ஏதாவது எழுது அக்கா. திட்டியாவது எழுது.

விஜி


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 செப்டம்பர் 2025

என் தங்கம் விஜிக்கு,

உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை.

பேசத் தொடங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்பது அம்மா இல்லை என்று. அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் "ம்" கொட்டுவாள். இங்கே "ம்" இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. வெற்றிலை மெல்லும்போது மூக்கு வழியாக விடுவாரே, அந்த மூச்சு. எத்தனை நாள் ஆயிற்று அதைக் கேட்டு. அதைக் கொடுத்தவள் நீதான். அது வரைக்கும் சரியாகத்தான் செய்திருக்கிறாய்.

தெரிந்துதான் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். தெரிந்துதான் "அப்பா" என்றேன். இவ்வளவு நாள் நானும் எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன், நான் சொல்வது அவருக்குப் போய்ச் சேரவில்லை, சேர்ந்தால் கேட்பார் என்று. அதை வைத்துக்கொண்டுதான் இந்த ஊரில், பஸ் ஏறினால் வீட்டு வாசலில் இறங்குகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். இனி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

கோர்ட்டில் சொன்னதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது விஜி. குருவம்மாள் அக்கா நேற்றுக்கூடக் கடைக்கு வந்தாள். இடது கையால் சில்லறை எண்ணிக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் எப்படி மாற்றிச் சொல்வேன்? தறியை விற்ற அப்பாவாலும் மாற முடியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நீ நின்று நசுங்க வேண்டாம்.

திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை இருக்கிறது என்றார்கள். போகிறேன். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் பேச்சைக் கண்டுபிடித்தவர் கிருபாபாய் ஆன்ட்டியின் பையையும் கண்டுபிடிப்பார். அன்றைக்கு அவர் பூட்டப் போவது டேப்பாக இருக்காது, உன் படிப்பாக இருக்கும். நீ படி. அம்மாவிடம் பச்சை வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் செல்வி


ராஜபாளையம்
12 அக்டோபர் 2025

அக்கா,

நீ ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டாய் என்று கிருபாபாய் ஆன்ட்டி சொன்னார்கள். புது விலாசத்தை யாரிடமும் கொடுக்கவில்லையாம். "எழுதணும்னா எழுதிக் குடு கண்ணு, நான் வச்சிருக்கேன்" என்றார்கள். எங்கே கொடுப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை.

அம்மா பச்சைப் புடவையை எடுத்துவிட்டாள். நீ வேண்டாம் என்று எழுதியதை நான் சொல்வதற்கு முன்பே எடுத்துவிட்டாள். அது அரிசிப் பானைக்குப் பின்னால் கடைப் பையோடு இருக்கிறது.

ஹரிகிருஷ்ணன் அண்ணன் மறுபடி வந்து, ரௌட்டரில் நான் வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டார். இப்போது எதற்கும் முதலிடம் இல்லை. நீ கூப்பிடுகிற ஏழு மணி ஆனதும் அம்மா சமையல்கட்டுக்குப் போய்க் கிரைண்டரைப் போடுகிறாள். மாவு இல்லை, பேச்சும் இல்லை. கல் மட்டும் சுற்றுகிறது. அப்பா அதை நிறுத்தச் சொல்வதில்லை. டிவியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சில நாள் அவருடைய டீம் ஜெயித்தபோதும் அவர் முகத்தில் எதையும் நான் பார்க்கவில்லை.

நேற்று நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தேன். படம் எங்கேயாவது நிற்கும் என்று காத்திருந்தேன். நின்றால், எங்கிருந்தோ நீ கூப்பிடுகிறாய் என்று அர்த்தம் என்பது போல ஒரு பைத்தியக்கார நினைப்பு. டேப் பீரோவுக்குள் இருக்கிறது என்று தெரிந்தும்தான்.

பாடிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை, அக்கா.

விஜி