பல் டாக்டரின் மூன்று கம்பி ஆன்டெனா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, அந்தச் செய்தியெல்லாம் எனக்கு முன்னால் எதிர்வீட்டுப் பல் டாக்டருக்குப் போய்விடுகிறது. உனக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போனில் என்னிடம் "நல்லா இருக்கேம்மா" என்பதோடு சரி, சாட்டிலைட் தலைக்கு மேல் போகும் பத்து நிமிஷமும் ஹாம் ரேடியோவில் அவரிடம் கதை கதையாய்ப் பேச்சு. எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன். அந்த ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு உன்னோடு உட்கார்ந்து படித்தவள் நான், அவர் நேற்று முளைத்தவர்.

அதனால்தான் சாட்டிலைட்டைப் பிடிக்க ஆன்டெனா வாங்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடையது மூன்றே கம்பி, அவரே செய்தது, பார்த்தால் துணி மாட்டும் ஹேங்கர் மாதிரி இருக்கும். நான் ஏழு கம்பி வைத்ததாகப் பார்த்து வாங்கினேன், அது என் உயரம் இருந்தது. கடைக்காரர், "கையில பிடிக்கிறதுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம்மா, சின்னதே போதும்" என்றார். நான் கேட்டால்தானே. அப்பா, "யார்கூட போட்டி போடுற?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். எதிர்மாடியில் டாக்டர் ஒற்றைக் கையில் ஆன்டெனாவைப் பிடித்து, கடைவாய்ப் பல்லைத் தேடுவது போல மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். பெரிய ஸ்டைல் என்று நினைத்தேன். என்னுடையதில் கரகரப்புதான் வந்தது. எரிச்சலில் நானும் அதே மாதிரி திருப்பினேன், சட்டென்று உன் குரல், அடுத்த அறையிலிருந்து வருவது போல. "அம்மாவும் மாடியிலதான் நிப்பாங்க டாக்டர், நீங்க கொஞ்சம் விடுங்க, அவங்க பேசட்டும்" என்று நீ சொன்னது தெளிவாகக் கேட்டது. அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார். எனக்கோ இரண்டு கையும் ஆன்டெனாவில். ஒன்றை எடுத்தால் அது முன்னால் சாய்ந்து நீ காணாமல் போகிறாய், எடுக்காவிட்டால் இடுப்பில் தொங்கும் ரேடியோ செட்டில் பேசுவதற்கான பொத்தானை அழுத்த வழியில்லை. நீ "அம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். அப்புறம் சும்மா காத்திருந்தாய். அதற்குள் சாட்டிலைட் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. கோபத்தில் பேசவில்லை என்று நினைத்திருப்பாய். கோபம் இருந்தது உண்மைதான், ஆனால் பேசாமல் போனது அதனால் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

மறுநாளே அந்த ஏழு கம்பியைக் கடையில் கொடுத்துவிட்டு மூன்று கம்பி வாங்கி வந்தேன். "நானே பண்ணித் தர்றேனே" என்றார் டாக்டர், வேண்டாம் என்றுவிட்டேன், அவ்வளவு பெரிய மனசு எனக்கு இன்னும் வரவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. இந்த மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குச் சாட்டிலைட் நம் இருவருக்கும் மேலே வருகிறது. ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்பவரிடம், அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ முன்போலவே இரண்டு தடவை கூப்பிடு. எனக்கு ஒரு கை காலியாக இருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா