இடுப்புக்குக் கீழே இரண்டு பை

மார்ச் 4

அம்மாடி மருமகளே,

சுகம்தானே? போனில் பேசினால் "மீட்டிங் அத்தை" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆகவேண்டும்!

என் சரக்கு கப்பல் ஏறிவிட்டது. உன் துறைமுகத்துக்குத்தான் வருகிறது. பெண்கள் டாப்ஸ், பின்னல் துணி. இந்த முறை யாரோ தைத்து வைத்ததை வாங்கவில்லை, நான் சொன்னபடி வெளிநாட்டில் தைக்க வைத்தேன். பக்கத் தையலுக்குள், இடுப்புக்குக் கீழே இரண்டு பை. வெளியே தெரியவே தெரியாது. கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் "பை இல்லையாக்கா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறாளே! அங்கே தொழிற்சாலை நடத்தும் நம்மூர்க்காரர் போனில் சிரித்தார். "பொம்பளைங்க டாப்ஸுக்கு எதுக்கும்மா பை?" என்றார். "உங்க பாக்கெட்டை எல்லாம் பிச்சுப் போட்டுட்டு ஒரு நாள் வெளிய போயிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். மனுஷன் அன்றைக்கே பை தைக்க ஆள் போட்டுவிட்டார்.

எதிரில் பெரிய கடை வந்த பிறகு நம் கடை காற்று வாங்குகிறது. இந்தச் சரக்கு போனால்தான் கடை நிற்கும். "எங்க மருமக சுங்க ஆபீசர்" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பார்த்துக்கொள் கண்ணு. மாதிரிக்கு வந்ததில் நீல நிறம் ஒன்று உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை

மார்ச் 13

அன்புள்ள அத்தைக்கு,

நீல டாப்ஸ் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். எங்கள் பிரிவுப் பெண்கள் மொய்த்துவிட்டார்கள். இப்படி ஒன்றை யோசித்தது எங்கள் அத்தை என்று தலை நிமிர்ந்து சொன்னேன்.

இனிமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். வீட்டு ஆள் சரக்கை நான் தொடக்கூடாது. அதனால் உங்கள் கோப்பைப் பக்கத்து மேசைக்காரருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அவர் இன்று காலை என்னிடம் வந்து, "உங்க அத்தை சரக்கு முடிச்சாச்சு மேடம், சுத்தமா இருக்கு" என்றார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அதே டாப்ஸில், இரண்டு பையிலும் கைவிட்டுக்கொண்டு நின்றேன். அவர் கவனிக்கவில்லை. மடித்து உறை போட்டிருந்ததை மேலோடு பார்த்தாரே தவிர, விரித்துப் பார்க்கவில்லை.

அத்தை, இடுப்புக்குக் கீழே பை இருந்தால் எங்கள் விதிப்படி அது மேல்சட்டை இல்லை. 'இதர ஆடை' என்ற வேறு தலைப்புக்குப் போய்விடும். அதற்கு வரி அதிகம். உங்கள் கிளியரிங் ஏஜெண்ட் பையைப் பற்றிக் கேட்காமலே சுங்க அறிவிப்பில் மேல்சட்டை என்று எழுதியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை சரக்கு வெளியே போகும். அதற்குள் நீங்களே திருத்திக் கொடுத்தால் அபராதம் இல்லை. கொடுக்காவிட்டால் நான் சொல்லவேண்டி வரும். சொல்வேன் அத்தை.

உங்கள் மருமகள்

மார்ச் 16

மருமகளுக்கு,

நல்லாத்தான் இருக்கிறது நியாயம்! பை வைத்தால் சட்டை சட்டையில்லாமல் போய்விடுமா? எந்தப் புண்ணியவான் எழுதிய விதி? எழுதும்போது அவன் சட்டையில் எத்தனை பை இருந்ததோ!

பார்க்க வேண்டியவரே பார்க்கவில்லை, உனக்கென்ன வந்தது? ஊரில் மருமகள்கள் மாமியார் மேல் புகார் சொல்வது சமையலறையில். நீ ஆபீஸில் எழுதிக்கொடுக்கப் போகிறாயா? உன் புருஷனிடம் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரலம்மா" என்று நழுவிவிட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான்.

அந்த வரியைக் கட்டினால் விலையை ஏற்றவேண்டும். ஏற்றினால் எதிர்க்கடைக்குப் போவார்கள். என் கடையை நீயே இழுத்து மூடு. நான் திருத்தப் போவதில்லை.

இப்படிக்கு,
கடைக்காரி

மார்ச் 18

அன்புள்ள அத்தைக்கு,

'கடைக்காரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

அந்த விதி எனக்கும் பிடிக்கவில்லை. மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போகிறேன். மாறுகிற வரை அதுதான் விதி. போன மாதம் ஒரு அம்மா இதே மாதிரி பை வைத்த சட்டை கொண்டுவந்தார். அவரும் சின்னக் கடைதான். அவரிடம் கையெழுத்து வாங்கி அதிக வரி போட்டது நான்தான். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? கடைத்தெரு முழுக்க என்னை ஆபீசர் என்று சொன்னீர்களே, நான் வாயை மூடிக்கொண்டால் எந்த முகத்தோடு இனி அப்படிச் சொல்வீர்கள்?

வெள்ளிக்கிழமை காலை வரை காத்திருப்பேன்.

எப்போதும் உங்கள்,
மருமகள்

மார்ச் 25

அம்மாடி, என் தங்கமே,

வியாழக்கிழமை உன் ஆபீசுக்கு வந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. வீம்புதான், வேறென்ன!

உன் பக்கத்து மேசைக்காரரிடம் டாப்ஸை விரித்துப் போட்டு, பைக்குள் கையை விட்டுக் காட்டினேன். பாவம், வெலவெலத்துப் போனார். "பை வாயைத் தைச்சு மூடிடுங்கம்மா, மறுபடி மேல்சட்டையாயிடும், வரியும் குறையும்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! "இந்தப் பைக்காகத்தான் சார் இந்தச் சரக்கே. மூட மாட்டேன். இதர ஆடைன்னே போடுங்க, கட்டுறேன்" என்றேன். "யார் சொல்லி வந்தீங்க?" என்றார். "எங்க வீட்ல ஒரு ஆபீசர் இருக்கா" என்றேன்.

திரும்பும்போது கண்ணாடிக் கதவு வழியாக உன்னைப் பார்த்தேன். பெரிய ஆள் போலிருந்தது, கோட்டுப் போட்ட ஒருத்தர் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். நீ ஒரு கவுனைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், அதன் தையலைக் காட்டிக்காட்டிப் பேசினாய். கடைசியில் அவர்தான் உட்கார்ந்தார். இத்தனை நாள் உன் வேலை என்னவென்றே தெரியாமல் பெருமையடித்திருக்கிறேன் கண்ணு. உள்ளே வந்தால் எல்லோர் முன்னாலும் அழுதிருப்பேன், அதனால் பஸ்ஸைப் பிடித்தேன்.

நேற்று சரக்கைத் தொங்கவிட்டேன். விலை கூடத்தான். முதலில் வந்த பெண், "ஏன்க்கா இவ்வளவு?" என்றாள். "இந்தப் பைக்கு வரி கட்டியிருக்கேன், போட்டுப் பாரு" என்றேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் உள்ளே விட்டு நின்றாள். கழற்றவே இல்லை, அப்படியே போட்டுக்கொண்டு போனாள். கடை நிற்கும் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த சரக்குக்கு அறிவிப்பை ஏஜெண்டிடம் விடப்போவதில்லை. நானே எழுதுவேன். அதையும் நீ தொடாதே. உன் ஆபீசிலேயே மகா கெடுபிடியான ஆள் யாரோ, அவர் மேசைக்கு அனுப்பு. ஒரு தப்பு கண்டுபிடிக்கட்டும், பார்க்கலாம்.

உன் அத்தை