காளி, உன் அளவுகளை நான் மாற்றினேன்

என் அன்புக் காளீஸ்வரி,

உன்னிடம் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உன் நோட்டில் இருந்த அளவுகளை நான் மாற்றினேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். கோபப்படாமல் கடைசிவரை கேள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நாம் முதன்முதலாகப் பேசிக்கொண்டதே அந்த வகுப்பைப் பற்றித்தான். நான் நாகலாபுரம், நீ கடம்பூர். இரண்டு பேரும் தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, என்ஜினியரிங் சேருவதற்கு முன்னால் ஒரு வருஷம் ஃபவுண்டேஷன் படிக்க வந்தவர்கள். புரிந்து படிக்க, குறிப்பெடுக்க, சொந்தமாக ரிப்போர்ட் எழுதப் பழக்குகிற வருஷம் அது. கடைசியில் ஒரு ரிப்போர்ட் கொடுத்து, கேட்கிற கேள்விகளுக்குப் பதிலும் சொன்னால்தான் முதலாம் ஆண்டில் இடம். "பன்னெண்டு பாஸுன்னுதான சொன்ன? பெறகு என்னத்துக்கு இன்னொரு வருசம் ஒக்கார வச்சிருக்காவ?" என்று எங்கள் சித்தி கேட்டதைச் சொன்னேன். "எங்க வீட்டுலயும் அதே பாட்டுதான்ட்டி" என்றாய். பஸ் வருவதற்குள் என்னை உன் அண்ணனுக்குப் பேசி முடித்தும்விட்டாய். உன் அண்ணன் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து நான் உனக்கு மைனி, உன் அப்பா எனக்கு மாமா.

முதல் வாரம் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு பக்கக் கட்டுரையைப் படித்து அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதச் சொன்னார் அகிலா மிஸ். நாம் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்து, கமா விடாமல் எழுதிக்கொண்டு போனோம். "ஒரு வரிகூட விடல மிஸ்" என்று நான் பெருமையாக நீட்டினேன். "விடச் சொல்லித்தானம்மா குடுத்தேன்" என்று மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். நீ சிரித்த சிரிப்பில் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

செய்முறை வகுப்பிலும் நம் பழக்கம் அப்படித்தான் இருந்தது. நமக்குத் தெரிந்த ரெக்கார்டு நோட்டில் விடை முன்னால் வரும், அளவு பின்னால் வரும். ஊசலை ஆட்டுவதற்கு முன்பே மேல்வகுப்பு அக்காமாரின் நோட்டைப் பார்த்து எண்களை எழுதி, பென்சிலில் கட்டம் போட்டு, அட்டையும் போட்டுவிடுவோம். அதைப் பொய் என்று நினைக்க நம் யாருக்கும் தோன்றியதே இல்லை. ரெக்கார்டு எழுதுவது என்றால் அதுதான். அந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு ஒரு வருஷம் போதவில்லை. நீ எப்படி ஒரே மாதத்தில் விட்டாய்?

நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரிப்போர்ட்: கரிசல் மண்ணில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது? ஆவணி மாதத்தில், நிலம் காய்ந்து கிடக்கும்போது நீ உங்கள் மானாவாரிக் காட்டில் அளப்பது. மழை முடிந்தபின் தை மாதத்தில் அதே இடத்தில் நான் அளப்பது. பெயிண்ட் டப்பாவின் அடியை வெட்டியெடுத்து வளையமாக்கி, மண்ணில் அழுத்தி, தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியது என்று நீ குறித்துவைத்தாய். ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தே நாள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உன் செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

தை மாதம் என் பங்கை அளந்து முடித்தேன். ஈர மண்ணில் தண்ணீர் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்காக இறங்கியது. பிறகு உன் நோட்டைத் திறந்தேன். முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்பது சென்டிமீட்டர். அடுத்ததில் ஏழு. அப்புறம் திடீரென்று ஒன்று, அரை, கடைசியில் அசைவே இல்லை. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாய்: "தண்ணி வெடிப்புக்குள்ள ஓடிட்டு. நான் அளந்ததுல தப்பு இருக்கோ என்னமோ. இருந்தாலும் கண்டதத்தான் எழுதுதேன்."

உனக்கே சந்தேகம் இருந்திருக்கிறது என்றுதான் நான் படித்தேன். உன் பெயர் போட்டு வரப்போகும் ஒரே ரிப்போர்ட் இது, இதில் உன் தப்பு இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நோட்டைத் தொடாமல், ரிப்போர்ட்டில் மட்டும் ஒன்பதை மூன்றாக்கினேன், ஏழை இரண்டரையாக்கினேன். வரைபடம் அவ்வளவு அழகாக வந்தது. அன்றைக்கு நான் அழுதேன் காளி, உனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாக நினைத்து.

பங்குனியில் கேள்வி கேட்க சிவில் துறையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆவணி மாசம் அளந்ததுன்னு போட்டிருக்கு. தரை எப்படிம்மா இருந்துச்சு?"

"பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு சார். கைய விட்டா முழங்கை வரைக்கும் போவும்."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

கரிசல் காட்டிலேயே பிறந்து வளர்ந்து, சின்ன வயதில் வெடிப்புக்குள் பம்பரம், கோலிக்காய் என்று எத்தனையோ தொலைத்தவள் நான். பையில் இருந்த உன் நோட்டை எடுத்து நீட்டினேன். "அளவ நான்தான் மாத்திட்டேன் சார். அவ இப்ப இல்ல. அவ பேர்ல தப்பு வரக் கூடாதுன்னு..." அவர் உன் பென்சில் எழுத்தைப் பொறுமையாகப் படித்தார். "இந்தப் பொண்ணு எழுதினதுதாம்மா சரி" என்றார். "தப்பா எழுதியிருக்கிறது நீ."

ரிப்போர்ட் திரும்பி வந்தது. ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். காய்ந்த நிலத்தில் மறுபடி அளந்து, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் எனக்கு இடம் இல்லை, உன் பெயரில் ரிப்போர்ட்டும் இல்லை.

சித்திரையில் ஒரு காலையில் உங்கள் காட்டுக்குப் போனேன். மாமாதான் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நிலம் மறுபடியும் வாய் பிளந்து கிடந்தது. வளையத்தை அழுத்தி ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சரசரவென்று உள்ளே போனது. ஐந்து நிமிடத்தில் ஒன்பதரை. கொஞ்ச நேரத்தில் இறக்கம் குறைந்து, அப்புறம் குளம் மாதிரி அப்படியே நின்றது.

மாமா சிரித்தார். "மொதத் தண்ணிய வெடிப்பு குடிச்சிரும். பெறகு மண்ணு ஊதி வாய மூடிக்கிடும். இதுக்கா ஒரு வருசம் படிச்சிய? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் உடனே நிறுத்திக்கொண்டார். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப எம் பிள்ள தப்பா அளக்கலைல்லா?"

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: பங்குனிக் கடைசியில் உன் சர்டிபிகேட்டுகளை வாங்க அவர் கல்லூரிக்கு வந்திருக்கிறார். "ஒங்க மக எடுத்த அளவுல ஏதோ கோளாறாம், ரிப்போர்ட்டு திரும்பி வந்திட்டு" என்று ஆபீசில் யாரோ போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதை யாரிடமும் கேட்காமல், வீட்டிலும் சொல்லாமல் ஒரு மாதமாக மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் செய்த வேலை போய் நின்ற இடம் அது.

"இல்ல மாமா. அவ சரியாத்தான் அளந்தா. நான்தான் மாத்தி எழுதிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, வெயில் ஏறுது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

எனக்கு சிவிலில் இடம் கிடைத்துவிட்டது. மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான். ரிப்போர்ட்டில் உன் அளவுகள் நீ எழுதியபடியே, நீ பென்சிலில் எழுதிய குறிப்போடு இருக்கின்றன. அதற்குக் கீழே, நான் அவற்றை மாற்றியது தவறு என்று என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதியை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரைபடம் எதையும் அவர் பார்க்கவில்லை. "அவ பேரு எங்கன இருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் முதலாம் ஆண்டு வகுப்பு தொடங்குகிறது காளி. நாலு வருஷம் நிறைய அளக்க வேண்டியிருக்கும். புத்தகத்தோடு ஒத்துவராத எண் வரும்போதெல்லாம் அழிரப்பரைத் தேடி என் கை போகும், அந்தக் கையை எனக்குத் தெரியும். அழிக்க மாட்டேன். இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன், தெரியாவிட்டால் மாமாவைப் போலத் தெரிந்தவர்களிடம் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அண்ணன் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்காத,
உன் மைனி
சுப்புலட்சுமி